இருட்டில் ஆடும் பகுதி

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. அன்று அந்த அரங்கில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இருவரும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நான் நடன நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவன். அந்தப் புதிய படைப்பை உருவாக்கியவர் என் மனைவியின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆடுகிறவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி. இன்னொருவனை எல்லோரும் நெட்டை என்பார்கள். படைப்பின் கடைசிப் பகுதி முழு இருட்டில் நடக்கும். பாட்டு கிடையாது. மேடைப் பலகைகளுக்கு அடியில் நான் ஒட்டிவைத்த சின்ன மைக்குகள் இருவரின் காலடியை மட்டும் வாங்கிப் பெரிதாக்கும். வந்திருப்பவர்கள் நடனத்தைப் பார்க்க மாட்டார்கள். கேட்பார்கள்.

"ஆறு மாசமா இடுப்பொடிய ஆடுறேன், ஒருத்தர் கண்ணுலயும் படப்போறதில்ல. எங்கம்மா டிக்கெட் எடுத்துட்டு வந்து எதப் பாக்கும்?" என்பான் நெட்டை.

என் மனைவிக்கு ஒரு பழக்கம். இடது காலை எடுத்து வைக்கும்போது குதிகால் தரையை லேசாக உரசும். ஸ்ஸ்... என்று. கண்ணுக்குத் தெரியாது, மைக்கில் கேட்கும். "சாக்கு மூட்டைய இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்வேன். இன்னொரு பழக்கமும் உண்டு. நான் வேலையில் மூழ்கியிருந்தால் பின்னால் வந்து, ஹெட்ஃபோனின் வலது பக்கத்தை மெல்லத் தூக்கிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். நான் திரும்பாமலே "ரெண்டு நிமிஷம்" என்பேன்.

ஒருநாள் அந்தக் கடைசிப் பகுதியில் அவள் பங்கை மட்டும், இருட்டிலேயே ஆடவைத்துப் பதிவு செய்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓர் உரசல்கூட இல்லை. விளக்கு வந்ததும், மேடை நடுவில் நின்றவளிடம், "இன்னிக்குத்தான் நீ கால இழுக்காம ஆடியிருக்க" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணியும் நெட்டையும்கூடச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அண்ணி அவள் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை. மற்ற பகுதிகளை நெட்டை தனியாக ஆடும்படி மாற்றினார். கடைசிப் பகுதியில் மட்டும் அவன் நிஜமாக ஆட, அவளுடைய காலடி பதிவிலிருந்து ஒலிக்கும். அது என் யோசனை. அண்ணிக்கு ஏனோ மனமில்லை. நான்தான் விடவில்லை. அவள் துணிகளையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. என்னிடம் மிச்சம் அந்தப் பதிவு ஒன்றுதான். இரவில் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவேன். தூங்கினால்.

முதல் நிகழ்ச்சி நாள். காலை 11.40. கடைசி ஒத்திகை. அண்ணி முன் வரிசையில். நெட்டை மேடையில். நான் அரங்கின் பின்கோடியில், மூன்று இரும்புப் படி ஏறிப்போகும் ஒலிக் கூண்டில். அரங்குக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டுதான்.

அணைத்தேன். பதிவை ஓடவிட்டேன்.

தொம்... தொம்... ஸ்ஸ்.

கை அப்படியே நின்றது.

"தம்பி, எந்தப் பதிவப் போடுறீங்க?" இருட்டுக்குள்ளிருந்து அண்ணியின் குரல்.

"இருக்கிறதே ஒண்ணுதானே அண்ணி."

"அப்ப அந்த இழுக்குற சத்தம்?"

"ஒயரா இருக்கும். பாக்குறேன்."

விளக்கைப் போட்டு ஒயரை மாற்றினேன். பதிவை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டேன். சுத்தமாக இருந்தது. உரசலே இல்லை.

அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. "இந்தப் பகுதி வேண்டாம் தம்பி. எடுத்துடலாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்களேன்."

நெட்டை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டே இருந்தான். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு தடவ அண்ணி. மறுபடி சத்தம் வந்தா நானே எடுத்துடுறேன்."

12.05. மறுபடி இருட்டு.

தொம்... தொம்... ஸ்ஸ். தொம்... தொம்... ஸ்ஸ்.

பதிவை நிறுத்தினேன். இனி நெட்டையின் கால் மட்டும்தான் கேட்க வேண்டும்.

இரண்டு பேரின் காலடி கேட்டது.

மைக்குகளையும் அணைத்தேன். ஒலிபெருக்கிகள் செத்துப்போயின. காதை ஹெட்ஃபோன் மூடியிருந்தது.

அப்போதும் கேட்டது. பலகையிலிருந்தே...

அடுத்து அந்த இடம். அவள் ஓடிவந்து தாவ வேண்டும். நெட்டை ஏந்த வேண்டும். ஓட்டம் கேட்டது. வேகமாக. ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...

பிறகு ஒன்றுமில்லை.

"அண்ணே..."

"என்னடா?"

"லைட்டு... லைட்டப் போடுங்க..."

"என்ன ஆச்சு?"

"கை கனக்குதுண்ணே..."

விளக்குப் பொத்தானைத் தேடினேன். வழக்கமான இடத்தில் கைக்கு அகப்படவில்லை. துழாவினேன்.

மேடையில் யாரோ இறங்கும் சத்தம். மெதுவாக. இரண்டு பாதங்கள்.

அப்புறம் அமைதி.

டங்... டங்... டங்...

இரும்புப் படி.

அண்ணி வந்துவிட்டார் என்று நினைத்தேன். கோபமாகத்தான் வந்திருப்பார்.

ஹெட்ஃபோனின் வலது பக்கம் மெல்லத் தூக்கப்பட்டது.

"ரெண்டு நிமிஷம்" என்றேன். திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பிறகு ஹெட்ஃபோன் மறுபடி காதில் வந்து உட்கார்ந்தது.

பொத்தான் கையில் பட்டது. அழுத்தினேன்.

நெட்டை மேடையில் மண்டியிட்டிருந்தான். இரண்டு கைகளும் எதையோ ஏந்தியபடி நீண்டே இருந்தன.

அண்ணி முன் வரிசையில் இருந்தார். அதே இருக்கையில்.

அன்று மாலை அந்தப் பகுதி இல்லாமலே நிகழ்ச்சி நடந்தது. நன்றாகக் கைதட்டினார்கள். நெட்டையின் அம்மா மகன் ஆடியது முழுவதையும் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி நிகழ்ச்சி முடிந்த அன்று ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து மேடை விளிம்பில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் பதிவு... அன்னிக்குக் காலைல அவளுக்குக் கால் பிசகிடுச்சு. தெரிஞ்சா நீங்க வேலைய நிறுத்திடுவீங்கன்னு அவ எங்களச் சொல்ல விடல. இருட்டுதானேன்னு அவ இடத்துல நான் ஆடினேன். அவ கீழ உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா. லைட் வர்றதுக்குள்ள இடம் மாறிக்கிட்டோம்."

நான் ஒயரைக் கீழே வைத்தேன்.

"ஒரு வாரம் கழிச்சு அவளே சொல்லி உங்களக் கிண்டல் பண்றதா இருந்தா. அதுக்குள்ள... அப்புறம் எங்களுக்குச் சொல்ல வாய் வரல. நீங்க அதையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அத்தனை இரவும் நான் கேட்டது அண்ணியின் காலடி.

அவள் போன பிறகு அவளுடைய காலடியை ஒரே ஒரு பகலில்தான் கேட்டேன். பதிவு ஓடாதபோதும். அவ்வளவு தூரம் நடந்து வந்தவளை, நான் காத்திருக்கச் சொன்னேன்.

இப்போதெல்லாம் வேலை செய்யும்போது ஹெட்ஃபோனின் வலது பக்கத்தைக் காதில் வைப்பதில்லை.