கை வைத்துச் சொன்ன வார்த்தை

தேய்ன் ஹ்யூலெட் சுட்ட மாட்டுக்கு இரண்டாவது குண்டு தேவைப்பட்டதில்லை. ஐடஹோவின் தெற்கு மூலையில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஆல்டர் பென்ச்சில் இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். மாட்டின் இடக் காதிலிருந்து வலக் கண்ணுக்கு ஒரு கோடு, வலக் காதிலிருந்து இடக் கண்ணுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் துப்பாக்கி முனையை வைப்பான். மாடு முழங்கால் மடிந்து சரிவதற்குள் கத்தி கழுத்தில் இறங்கியிருக்கும். ரத்தம் பூட்ஸில் பட்டால் அது அவனுக்கு அவமானம்.

அப்பனைக் குதிரை உதைத்துக் கொன்றபோது தேய்ன் ஆறாம் வகுப்பில் இருந்தான். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒற்றைக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பண்ணை பண்ணையாக நடந்து பன்றி அறுத்தவன், பிறகு சொந்தமாக லாரி வாங்கி, அதன் முதுகில் மாட்டைத் தூக்கும் இரும்புக் கையைத் தானே வெல்டிங் வைத்துப் பொருத்தினான். எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்லூரிக்குப் போய்வந்த பண்ணைக்காரர்கள் எல்லாம் அவன் வாசலில் வந்து, "எங்க பக்கம் எப்ப வர்றீங்க?" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. குளிர்காலத்தில், ஊரே சேர்ந்திருந்த மார்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் சபைகளுக்குள் கூடைப்பந்து நடக்கும். ஜெபத்தில் தொடங்கி மூக்குடைப்பில் முடிகிற ஆட்டம் அது. தேய்னின் முழங்கையில் பல்லைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஓட்டையைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள்.

இப்படித் தானாக முளைத்த ஆள், யோசிக்கிற வேலையை மட்டும் சபையிடம் விட்டிருந்தான். ஜெபம் செய்தால் நெஞ்சு சூடாகும், உள்ளே ஒரு குரல் கேட்கும், அதுவே பரிசுத்த ஆவியானவர் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அந்தக் குரல் சொல்லித்தான் லாரி வாங்கினான். ரீவாவைக் கட்டியதும் குரல் சொல்லித்தான். இரண்டும் நன்றாகவே ஓடின. ரீவா புற்றுநோயில் போன பிறகு மிச்சம் இருந்தது நைலா, ஒரே மகள். அவள் கார்த் வின்டர்டனைக் காட்டியபோதும் குரல் சரி என்றது. பெரிய கிழங்குப் பண்ணை, ஆறடிக்கு மேல் உயரம், சபையில் அவன் ஜெபித்தால் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வேறென்ன வேண்டும்?

கிழங்கு நடுகிற பருவத்தில் ஒரு நாள் நைலா அப்பன் வீட்டுக்கு வந்தாள். ஒரு கண் மூடிப்போய் பிளம் பழம்போல் இருந்தது. தேய்ன் கத்தியை எடுக்கவில்லை. சபைக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தான், பிஷப்பைக் கூப்பிட்டான். பிஷப் ஸ்டக்கி, சபையில் அது சம்பளமில்லாத பொறுப்பு என்பதால், வார நாட்களில் தீவனக் கடை நடத்துகிறவர், நல்ல மனிதர், யாரோடும் சண்டை பிடிக்காதவர்.

"கல்யாணம்னா கொஞ்சம் உரசல் இருக்கும், பிரதர் ஹ்யூலெட்" என்றார் ஸ்டக்கி. "கோயில்ல நித்தியத்துக்கும் சேத்து முத்திரை போட்ட பந்தம். பாதியில அவுக்கவா முடியும்? நீங்க அப்பா. நம்ம சபை ஆம்பளைங்க எல்லாருக்கும்போல ஆசாரியத்துவம் உங்க கையிலயும் இருக்கு. தலையில கை வச்சு ஒரு ஆசீர்வாதம் சொல்லுங்க. வார்த்தையக் கர்த்தர் குடுப்பார். அவ வீட்டுக்குத் திரும்புறதுதான் நல்லதுன்னு எனக்குப் படுது, ஆனா நான் சொல்லி என்ன? நீங்க கேளுங்க."

சமையலறை நாற்காலியில் நைலா உட்கார்ந்தாள். தேய்ன் அவள் உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, மாடுகளைச் சாய்த்த அந்தப் பெரிய கைகளைப் பஞ்சுபோல் தலைமேல் வைத்தான். நெஞ்சு சூடானது. வார்த்தை வந்தது.

"நைலா, உன் கணவனிடம் திரும்பிப் போ. கர்த்தர் அவன் இருதயத்தை இளக்குவார். அவன் கை இனி உன்மேல் விழாது."

அவள் ஆமென் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

முதல் புல்லறுப்பு முடிந்த வாரம் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. தேய்ன் போய்ப் பார்த்தபோது நைலாவின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். விலா எலும்பு நான்கு முறிந்து, மூச்சு விடும்போது பழைய கதவுபோல் ஒரு சத்தம் வந்தது. அறைக்கு வெளியே லமாண்ட் நின்றான். மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிப்பின் ஆள், அதே சபைக்காரன்.

"கிழங்குக் கிடங்குப் படியில அவ விழுந்துட்டாள்னு கார்த் சொல்றாரு" என்றான் லமாண்ட். "நைலாவும் இல்லன்னு சொல்லல."

"வாயக் கம்பி போட்டுத் தச்சிருக்காங்க. எப்படிய்யா சொல்லுவா?"

"யாரும் பாக்கலியே, பிரதர். பாத்த சாட்சி இல்லாம நான் என்ன செய்ய?"

உள்ளே நைலா பல்லிடுக்கு வழியாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சில் வழிந்தது.

"நான் விழுகல."

"தெரியும்."

"அப்பா, அன்னைக்கு என் தலையில கை வச்சுப் பேசினது யாரு? அவரா, நீங்களா?"

தேய்ன் அவள் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டான்.

"அவர்னா அது பொய்யாகாது. எனக்குத்தான் விசுவாசம் பத்தல. உடம்பு சரியானதும் திரும்பிப் போயிடுறேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்கன்னா, சொல்லிடுங்க."

அவள் திரும்பிப் போனால் அடுத்த முறை மருத்துவமனைக்கு வரமாட்டாள், நேரே கல்லறைக்குத்தான். எலும்பு எந்த அடிக்கு எப்படி உடையும் என்று தேய்னுக்குத் தெரியும். ஆனால் 'நான்தான்' என்று சொல்ல, அது உண்மையா என்று அவனுக்கே தெரியாது. நெஞ்சு சூடானது நிஜம்தானே?

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். சில நாள் கழித்து, முற்றத்தில் ஒரு எருதைத் தொங்கவிட்டு வயிற்றைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. கார்த் இறங்கினான். பின்னாலேயே பிஷப் ஸ்டக்கி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என் பெண்டாட்டிய அழைச்சிட்டுப் போக வந்தேன், மாமா."

"அவளுக்கு உடம்பு சரியில்ல. போ."

"உங்க வாயாலதான என் வீட்டுக்குப் போகச் சொன்னீங்க? ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிட்டு இப்பப் பேச்சு மாறுதா? வயசானா மூளையும் போயிடுமா?"

தேய்ன் கத்தியைப் பலகையில் வைத்தான். கத்தியோடு மனிதனை எதிர்ப்பவன் கையாலாகாதவன் என்பது அவன் கணக்கு. கார்த்துக்கு அந்தக் கணக்கு இல்லை. சாணை பிடிக்கும் இரும்புக் கோலைக் கொக்கியிலிருந்து உருவி, தேய்னின் தோளெலும்பில் இறக்கினான். எலும்பு ஒடிந்த சத்தம் பிஷப்புக்கே கேட்டது. தேய்ன் பின்வாங்கவில்லை. உள்ளே புகுந்து நெற்றியால் மருமகனின் மூக்கை உடைத்தான். கார்த் அவன் காதைக் கடித்தான். இருவரும் எருதின் குடல் குவியலில் விழுந்து, சாணமும் ரத்தமும் பூசிக்கொண்டு உருண்டார்கள். ஒரு கை செத்துத் தொங்க, மற்றக் கையால் தேய்ன் அவன் விலாவில் குத்தினான், நைலாவுக்கு முறிந்த அதே விலா, அதே பக்கம், நாலு எலும்புக்கு நாலு குத்து. கார்த் வாந்தியெடுத்துக்கொண்டு மல்லாந்தான். தேய்ன் லாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, முழங்காலை அவன் மார்பில் ஊன்றி, இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முனையை வைத்தான்.

நெஞ்சு சூடானது. உள்ளே குரல் கேட்டது. தெளிவாகக் கேட்டது. *சுடு. இவனை உன் கையில் கொடுத்தேன்.*

"பிரதர் ஹ்யூலெட்" என்றார் ஸ்டக்கி. "தயவுசெஞ்சு ஆவியானவர் என்ன சொல்றார்னு கேளுங்க."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சுடச் சொல்றாரு."

"அது... அது ஆவியா இருக்காது."

"எப்படித் தெரியும்? அவளத் திரும்ப அனுப்பச் சொன்னப்பவும் இதே சூடு, இதே குரல். அப்ப ஆவின்னீங்களே?"

தீவனக் கடைக்காரருக்கு ஒரு வாழ்நாளில் வந்த கேள்விகளிலேயே அதுதான் கடினமாக இருந்திருக்கும். தேய்ன் அந்தக் குரலை இன்னொரு முறை கவனித்துக் கேட்டான். மாட்டின் நடையைப் பார்த்தே நோயைச் சொல்கிறவன், இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தான். அது அவன் குரல். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாட்டிக்கொண்ட அவன் குரல். அன்று பிஷப்புக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னது. இன்று தனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்கிறது.

சுட வேண்டுமா என்று தானே யோசித்தான். சுட்டால் ஊர் கண்ணில் இவன் புனிதனாகிவிடுவான், தான் சிறைக்குப் போவான், நைலா தனியாக நிற்பாள். துப்பாக்கியைத் திறந்து குண்டை வெளியே எடுத்தான்.

"எழுந்து போ. மூக்கக் கழுவிட்டுப் போ, வழியில நாய் துரத்தும்."

நைலா சன்னலில் நின்று எல்லாம் பார்த்திருந்தாள். தேய்ன் உள்ளே வந்து, ஒடிந்த தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான்தான் பேசினேன். அவர் இல்ல."

"கோபத்துல சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை வந்தா மாறிடுவீங்க."

"மாற மாட்டேன்."

"அப்ப அங்கேயே சொல்லுங்க. எல்லார் முன்னாடியும்."

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று பிரசங்கம் கிடையாது; யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ச் சாட்சி சொல்லலாம். வயிறு காய்ந்த கூட்டம், சிணுங்கும் குழந்தைகள். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லி அழுதுவிட்டு இறங்கினார்கள். மூன்றாவது வரிசையில் கார்த் மூக்கில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தான். பெண்கள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கடைசி வரிசையில் நைலா. லமாண்ட் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தான்.

தேய்ன் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு மேடைக்கு ஏறினான்.

"எல்லாரும் தெரியும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாது. என் மகள் தலையில கை வச்சு, புருஷன்கிட்டப் போன்னு சொன்னேன். கர்த்தர் சொல்றார்னு சொன்னேன். கர்த்தர் சொல்லல. பிஷப் விரும்பினத நான் சொன்னேன். அவ தாடை உடைஞ்சது என் வாயால."

ஆர்கன் வாசிக்கும் அம்மாள் பிஷப்பைப் பார்த்தாள். பிஷப் கையை அசைத்தார். அவள் பாட்டைத் தொடங்கினாள். தேய்ன் பன்றிகளை அதட்டிய தொண்டையால் அதற்கு மேலே பேசினான்.

"அவ படியில விழல. கார்த் அடிச்சான். கார்த், எந்தக் கையால அவள அடிச்சியோ அத இவங்ககிட்டக் காட்டு. பொண்ணுங்களத்தான் அடிப்பியா, இல்ல ஆம்பளை முன்னாடி நின்னா கை வருமா?"

"உக்காருய்யா கிழவா" என்றான் கார்த்.

"வராதுன்னு தெரியும். உங்கப்பனும் பின்னாலேருந்துதான் அடிப்பான்."

அடிபட்ட எந்த மிருகம் எந்தச் சத்தத்துக்குப் பாயும் என்று தேய்னை விட நன்றாகத் தெரிந்தவன் அந்த மாவட்டத்திலேயே இல்லை. கார்த் பாய்ந்தான். தேய்ன் தூளியிலிருந்து கையை உருவி, வலியில் பல்லைக் கடித்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் உடைந்து கம்பளத்தில் விழுந்தது. மூன்றாவது குத்து அவனைத் திருவிருந்து மேசைமேல் தள்ளியது. ரொட்டித் தட்டுகள் பறந்தன, தண்ணீர்க் குவளைகள் அவன்மேல் கொட்டின. விழுந்தவனைக் கார்த் விலாவில் மிதித்தான், இன்னும் மிதித்தான். தேய்னின் கைகள் பின்னாலேயே கிடந்தன. ஆர்கன் நின்றுவிட்டது.

நைலா நடைபாதையில் மெல்ல நடந்து முன்னால் வந்தாள். லமாண்ட் உட்கார்ந்திருந்த வரிசையில் நின்றாள். கம்பி போட்ட பல்லிடுக்கில் அவள் பேசியது கூட்டம் முழுதுக்கும் கேட்டது.

"இவரும் படியில விழுந்தாரா, லமாண்ட்?"

லமாண்ட் பாட்டுப் புத்தகத்தை மூடிப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான். போய்க் கார்த்தின் கையைப் பின்னால் முறுக்கினான். ஒருவரும் தடுக்கவில்லை.

அந்த மாதமே தேய்னைச் சபையிலிருந்து நீக்கினார்கள். போய்க் கேட்டிருந்தால் மன்னித்திருப்பார்கள், அவன் கேட்கவில்லை. ஆல்டர் பென்ச்சில் தேய்ன் திருப்பி அடிக்காமல் அடிவாங்கிய சண்டை அது ஒன்றுதான் என்று இன்றும் கூடைப்பந்து நடக்கும்போது பேசுவார்கள். அடி வாங்கவும் தைரியம் வேண்டும், உங்களில் எவனுக்கு இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்பான்.

ஆனால் அன்றைக்கு அவனால் பேசவே முடியவில்லை. லாரியை நைலா ஓட்டினாள். தேய்ன் கைக்குட்டையில் ரத்தம் துப்பிக்கொண்டு வந்தான். கிழங்கு வயல்கள் பூத்திருந்தன.

"நான் இனி என்னப்பா செய்யட்டும்?" என்று பல்லிடுக்கில் கேட்டாள்.

"உனக்கு என்ன தோணுது?"

"தெரியல. யோசிக்கணும்."

"யோசி."

கொஞ்ச தூரம் போனார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"என்னக் கேக்காத" என்றான் தேய்ன். "எனக்கு வாய் வலிக்குது."