பட்டியல் மேடமும் நின்ற வண்டியும்

மூன்றாவது மாடி வார்டின் அலுவலக அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பட்டியல் மேடம் என்றுதான் அழைத்தார்கள். எதையும் அடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுச் சமையலறையில் டப்பாக்கள்கூட அகரவரிசையில்தான் நிற்கும். "உப்பு எங்கேன்னு கேட்டா, உ-வுல பாருங்கன்னு சொல்ற பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா" என்று அவருடைய கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறைபட்டுக்கொள்வார். குறைபட்டாலும், உப்பு உடனே கிடைத்துவிடும்.

வார்டில் முப்பத்தெட்டுப் பேர். யாருக்கு என்ன சாப்பாடு என்று டாக்டர்கள் எழுதுவதை மேடம் ஒரு ஸ்லைடில் அட்டவணையாக அடிப்பார். இடது பக்கம் பெயர், வலது பக்கம் சாப்பாடு: உப்பில்லாதது, சர்க்கரை இல்லாதது, அரைத்தது மட்டும், மீன் ஆகாது, எல்லாம் சாப்பிடலாம். கீழ்த்தளத்துச் சமையலறைச் சுவரில் இருக்கும் டிவியில் அந்த ஸ்லைடு தெரியும். அதைப் பார்த்துத்தான் தட்டுகளை நிரப்பிப் பெயர்ச்சீட்டு வைப்பார்கள். பன்னிரண்டே காலுக்குத் தட்டுகள் தள்ளுவண்டியில் மேலே வரும். வண்டி தள்ளுவது ஒரு அக்கா. ஒப்பந்த வேலை, முட்டிவலி, யாரிடமும் பத்து வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது.

அப்போது புதிதாக ஒரு மேலாளர் வந்திருந்தார். ஒரு நாள் காலை, "ஆள் வந்து சேர்ந்த வரிசைல இருந்தா யாரை எங்க தேடுறது மேடம்? பேரை அகரவரிசையா மாத்திடுங்க" என்றார். மேடத்துக்கு இதைவிட இனிப்பான உத்தரவு இருக்க முடியுமா?

ஆனால் அந்த ஸ்லைடு மென்பொருள் இருக்கிறதே, அதில் படம் பறக்கும், எழுத்து குட்டிக்கரணம் போடும், அட்டவணையை வரிசைப்படுத்த மட்டும் ஒரு பட்டன் கிடையாது. அட்டவணையை நகலெடுத்து, கணக்குப் போடுகிற ஷீட்டில் ஒட்டி, அங்கே வரிசைப்படுத்தி, திரும்பக் கொண்டுவந்து ஸ்லைடில் ஒட்ட வேண்டும். மேடம் பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்தினார். பக்கத்துப் பத்தியையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது. டிஸ்சார்ஜ் தாள்களோடு இரண்டு பேர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். படித்துப் பார்க்காமல் வேண்டாம் என்று அழுத்திவிட்டார்.

பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. சாப்பாடு எதுவும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் சாப்பாடு. பார்வைக்கு அட்டவணை அவ்வளவு லட்சணமாக இருந்தது, மேடம் ஒரு நிமிடம் அதை ரசித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்லைடில் ஒட்டினார்.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்த தபால்காரரின் மருமகள். "மாமாவுக்கு இன்னிக்காவது கெட்டியா ஏதாச்சும் குடுப்பீங்களா மேடம்?"

"இன்னும் ஒரு வாரத்துக்கு அரைச்சதுதாம்மா" என்று சொல்லிக்கொண்டே மேடம் திரையைப் பார்த்தார். தபால்காரர் பெயருக்கு நேரே 'எல்லாம் சாப்பிடலாம்' என்று இருந்தது. முந்தின நாள் 'அரைத்தது மட்டும்' என்று அடித்தது மேடத்தின் கைதான். பெயர்கள் மட்டும் நகர்ந்திருக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. வண்டி மேலே வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

போனை அப்படியே போட்டுவிட்டு வார்டுக்கு ஓடினார். தபால்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முன்னால் தட்டு இல்லை. மேடத்தைப் பார்த்ததும், பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். ஒரு மனிதன் பசியோடு இருப்பதைப் பார்த்து மேடம் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.

வண்டி சமையலறை வாசலிலேயே நின்றது. அக்கா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேலாளர்.

"கடிகாரம் பார்க்கத் தெரியாதா? நாளைலேருந்து வேற ஆளைப் போடச் சொல்றேன்."

"அஞ்சாம் படுக்கை அம்மா தட்டுல மீன் இருக்கு சார். போன வாரம் ஒரு வாய் தின்னதுக்கே அவங்க மூஞ்சி வீங்கிப்போச்சு. மேடத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன், கிடைக்கல."

"டிவில இருக்கிறபடி செய்யறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"டிவியா சார் சாப்பிடப் போகுது?"

மேடம் கதவோரம் நின்று இதைக் கேட்டார். சத்தமில்லாமல் மேலே போய்ப் பட்டியலைத் திருத்தியிருக்கலாம். நல்ல பெயர் தப்பித்திருக்கும், அக்காவின் வேலை போயிருக்கும். அப்படி ஒரு யோசனை வந்தது என்று பிறகு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வார்.

"தப்பு என்னுது சார்" என்றார் மூச்சு வாங்க. "இவங்க நிறுத்தலைன்னா இந்நேரம் தபால்காரர் தொண்டைல கெட்டிச் சோறு சிக்கியிருக்கும்."

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு வேறு ஆளைப் பற்றிப் பேசவில்லை. மேடம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா."

"முதல்ல சரியான பட்டியலைக் குடுங்க மேடம். முப்பத்தெட்டுப் பேர் பசியோட இருக்காங்க."

அன்றைக்கு வார்டில் முக்கால் மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டார்கள், அவரவர் சாப்பாட்டை. மேடத்துக்கு ஒரு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கிப் போவார். அவர் பட்டியலை வாசிக்க, அக்கா தட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒன்பது வருடம், லீவு நாள் தவிர ஒரு நாள் விட்டதில்லை.

ஓய்வுபெறுகிற அன்று காட்டுவதற்கு மேடம் ஒரு ஸ்லைடு போட்டார். கூட வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. இடது பக்கம் பெயர், வலது பக்கம் அவர்கள் செய்தது. எல்லாம் அகரவரிசை. அக்கா பெயர் மட்டும் முதல் வரியில். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடம் வரிசையைக் கலைத்திருந்தார்.

விழாவுக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா நெற்றியைச் சுருக்கினார். "என்னை எதுக்கு மேல கொண்டுபோய் வச்சீங்க?"

"நீங்க அங்கதான் இருக்கணும்க்கா."

"வேணாம் மேடம். எல்லாம் அதது இடத்துல இருக்கணும்னுதானே அன்னிக்கு நின்னேன். என் இடத்துல போடுங்க."

மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவின் பெயரைக் கீழே, கடைசிக்கு முந்தின வரிக்கு நகர்த்தினார். இந்தத் தடவை முழு வரியையும் சேர்த்துப் பிடித்து நகர்த்தினார். மற்றவர்களுக்கு நேரே இரண்டு வரி, மூன்று வரி எழுதியிருந்தது. அக்காவுக்கு நேரே மூன்று வார்த்தைதான்: 'வண்டியை நிறுத்தி வைத்தார்.'