மூக்கு சார் வெப்பார்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கைவேலை வாத்தியாரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் சார். முதுகுக்குப் பின்னால் ‘கைவெச்சார்’. இந்தப் பட்டப்பெயர் எந்தப் பிள்ளையின் கைங்கரியமோ தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இலக்கணத்தில் முழு மதிப்பெண் தரலாம். சாரும் அதில் இருக்கிறார், சார் செய்யும் வேலையும் அதிலேயே இருக்கிறது.

வேலை இதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண்ணையோ காகிதக்கூழையோ பிசைந்துகொண்டிருப்பார்கள். வாத்தியார் பின்னால் வந்து நிற்பார். பொறுத்துப் பார்ப்பார். பொறுக்காது. “குடு, கொஞ்சூண்டு கை வெச்சுடறேன்” என்று வாங்கிக்கொள்வார். அந்தக் கொஞ்சூண்டு மணியடிக்கும் வரை நீளும். திரும்பக் கொடுக்கும்போது பொருள் பிரமாதமாக இருக்கும். அதைச் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைக்குத்தான் அதை முன்பின் பார்த்த ஞாபகமே இருக்காது.

கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கோணலைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும், அவ்வளவுதான். வீட்டிலும் இதே கூத்து. மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்து துணி மடித்து வைத்தால், இவர் பிரித்து மறுபடி மடிப்பார். முதலில் அவள் சண்டை போட்டாள். பிறகு விவரம் தெரிந்து மடிப்பதையே விட்டுவிட்டாள். மகள் இன்னும் கெட்டிக்காரி. சட்டையில் பொத்தான் அறுந்தால் வேண்டுமென்றே கோணலாக ஒரு தையல் போட்டு, அப்பா கண்ணில் படும்படி நாற்காலியில் விட்டுவிட்டுப் போவாள்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தவரை ஒருநாள் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

“கல்வி அலுவலகத்துலேருந்து ஒரு மேடம் வராங்க சார். கைவேலை பீரியடால பசங்களுக்கு என்ன பிரயோஜனம்னு பார்க்கணுமாம். திருப்தியா இருந்தா ஓடும். இல்லேன்னா பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடச் சொல்றாங்க.”

“அப்ப நான்?”

“ஸ்டோர் ரூமைப் பார்த்துக்க ஆள் வேணும்தானே” என்றார் தலைமையாசிரியர் ஆறுதலாக.

ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளும் எலிகளும் குடியிருந்தன. சம்பளத்துக்கு ஒன்றும் மோசமில்லை. ஆனால் பசையும் ஈர மண்ணும் மணக்கும் அந்த வகுப்பறையை விட்டால் உலகத்தில் தனக்கு வேறு இடம் கிடையாது என்பது வாத்தியாருக்குத் தெரியும். பயந்துபோனார். சொல்லாமலே மனைவிக்கும் அது புரிந்தது.

“பசங்க செஞ்சதை அப்படியே காட்டுங்களேன்” என்றாள்.

“காட்டினா அன்னிக்கே கணக்கு வாத்தியார் சாக்பீஸோட வந்து உக்காந்துடுவாரு.”

அவரவர் முகத்தை அவரவரே களிமண்ணில் செய்ய வேண்டும் என்பது அந்த வருடத்துக் கைவேலை. பிள்ளைகளும் செய்தார்கள். நெற்றி, கன்னம், காது எல்லாம் சுமாராக வந்தன. மூக்குதான் தகராறு. ஒட்டினால் விழுந்தது, விழாவிட்டால் கொழுக்கட்டை மாதிரி நின்றது. வாத்தியார் ஒவ்வொன்றாக வாங்கிக் கை வைத்தார். காய்ந்த முகங்களை நீள மேஜையில் வரிசையாக அடுக்கியபோது அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

வந்த அதிகாரி அவசரமே இல்லாத பெண்மணி. மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். நின்றார். மறுபடி முதல் முகத்துக்கே திரும்பி வந்தார்.

“இந்தப் பசங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தமா சார்?”

“இல்லையே மேடம். ஏன்?”

அதிகாரி வரிசையைப் பார்த்தார், வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார், மறுபடி வரிசையைப் பார்த்தார். வாத்தியாரின் கை தானாக மூக்குக்குப் போயிற்று. கூராக இறங்கி, நுனியில் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த மூக்கு அது. மேஜையில் இருந்த அத்தனை முகத்திலும் அதே மூக்கு, சாய்வு உட்பட. தலைமையாசிரியர் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்.

“பரவாயில்ல. புது மண் குடுங்க. என் முன்னாடியே இன்னொரு தரம் செய்யட்டும்.”

“அதுக்கென்ன மேடம்” என்று பிள்ளைகள் பக்கம் நகரப்போனார் வாத்தியார்.

“நீங்க இப்படி வந்து எம்பக்கத்துல உக்காருங்க சார்.”

உட்கார்ந்தார். பிள்ளைகள் மும்முரமாக வேலை செய்தார்கள். நெற்றி எழும்பியது, காது முளைத்தது, உதடு விரிந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேஜைக்கு மேஜை முகங்கள். ஒன்றிலும் மூக்கு இல்லை. எல்லாரும் சாரைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

அதிகாரி முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்தார். “மூக்கு எங்கம்மா?”

“மூக்கு சார் வெப்பார் மேடம்.”

அதில் குறும்பு ஒன்றும் இல்லை. தண்ணீர் குழாயில் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீ வெச்சா என்ன?”

“கோணலாயிடும் மேடம். சார் பாவம், மனசு கஷ்டப்படுவாரு.”

மண் முகங்களுக்கு மூக்கு இல்லை. ஆனால் அறுபட்டது என்னவோ வாத்தியாரின் மூக்குதான். தன்னிடம் பிள்ளைகள் இத்தனை நாளாகக் கற்றுக்கொண்டது கைவேலையை அல்ல, தன்னை மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் வித்தையை என்று அவருக்கு உறைத்தது. 

“இது மாடர்ன் ஆர்ட் மேடம்” என்று தலைமையாசிரியர் முட்டுக்கொடுக்கப் பார்த்தார். அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாத்தியாரிடம், “மூக்கு வெக்கச் சொல்லுங்க சார்” என்றார்.

வாத்தியார் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் “குடு, கொஞ்சூண்டு” வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நீங்களே வெச்சுடுங்கப்பா.”

“தப்பாப் போயிடுமே சார்” என்றது ஒரு குரல்.

“போகட்டும்.”

இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குத் தங்கள் மூக்கு எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. மண்கையால் தடவிப் பார்த்தார்கள். பக்கத்திலிருப்பவரிடம் கேட்டார்கள். ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மூக்குகள் வந்தன. ஒன்று சப்பை, ஒன்று உருளைக்கிழங்கு, ஒன்று பாதி வழியில் வழுக்கி உதட்டில் உட்கார்ந்துகொண்டது. கடைசி பெஞ்சுக்காரன் மூக்குத்தண்டில் ஒரு மேடு வைத்திருந்தான். ‘அசிங்கமாக அது எதற்கு’ என்று கை பரபரக்க வாத்தியார் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் மூக்கில் அந்த மேடு நிஜமாகவே இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு வருடமாக அவனுக்குப் பாடம் எடுக்கிறார். இன்றுதான் கண்ணில் படுகிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் கை படாமலே அந்த மண்முகம் நன்றாக இருந்தது. அதுதான் அவரை நோகடித்தது.

அதிகாரி எழுந்தார். “பீரியட் இருக்கட்டும் சார். ஆனா ஒண்ணு. தினமும் இன்னிக்கு எடுத்த மாதிரியே எடுங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்து மனைவி பதறிப்போனாள்.

“என்னங்க, போயிடுச்சா?”

“இல்ல. தப்பிச்சுது.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அப்படி என்ன பாடம்தான் எடுத்தீங்க?”

“ஒண்ணும் எடுக்கல. சும்மா உக்காந்திருந்தேன். அதைத்தான் தினமும் செய்யச் சொல்றாங்க.”

சிரிக்கப் பார்த்தார்.  மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

“முடியுமா உங்களால?”

“தெரியல” என்றார் வாத்தியார். “இன்னிக்கு ஒரு நாள் சும்மா வெச்சிருந்ததுக்கே கை விட்டுப்போச்சு.”