தருமபுரியில் ஒரு தொட்டிக் கடல்

போன வாரம் பெங்களூரில் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு கடலே இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் பவழப்பாறை, நீல வெளிச்சம், வண்ண வண்ண மீன்கள். சாப்பிட உட்கார்ந்தோம். அவனுடைய போன் கூவியது. தொட்டியில் உப்பு ஏறிவிட்டதாம். சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

"கடல் மீன் வாங்குறது ஈஸி பெரியம்மா. தண்ணியை ஒரே நிலையில வெச்சிருக்கிறதுதான் கஷ்டம்" என்றான்.

எனக்கா சொல்கிறாய், தம்பி? எழுபதுகளில், தருமபுரியில், ஒரு கடலை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டவள் நான்.

நான் கீழக்கரைப் பெண். கல்யாணமாகித் தருமபுரி வந்தபோது ஊர் பிடித்தது. கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவரையும் பிடித்தது. ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை வந்து மறித்தது. கடல் இல்லாத ஊரில் எப்படித்தான் மூச்சு விடுகிறார்கள்? புலம்பிக்கொண்டே இருந்தேன்.

அவர் அதிகம் பேசாத மனுஷன். ஒருநாள் தாமே வெட்டி ஒட்டிய பெரிய தொட்டியோடு கடையிலிருந்து வந்தார். மதராஸிலிருந்து காற்று பம்ப் வந்தது. கீழக்கரையிலிருந்து என் தம்பி கருவாட்டு லாரியில் கேன் கேனாகக் கடல்நீர் அனுப்பினான். கூடவே ஒரு பாறைத்துண்டு, அதில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடல் சாமந்தி என்கிற உயிர், அந்தச் சாமந்தியின் விரல்களுக்குள் ஒளிந்து வாழும் பட்டை போட்ட மீன்கள் இரண்டு.

"கடல் கடல்னு உசுர எடுத்தியே. இந்தா, கடல்" என்றார். அழுதுவிட்டேன்.

கடலைத் தொட்டியில் வைத்தால் அது கைக்குழந்தை. கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு கோடை வந்தது. தொட்டி வற்றியது. வற்றிய இடத்தை எதைக் கொண்டு நிரப்பினேன்? கடல்நீரைக் கொண்டுதான். கடலில் போய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனசு வருமா?

ஒரே மாதத்தில் சாமந்தி சுருங்கியது. மீன்கள் தீனி எடுக்கவில்லை. அவர் தம்முடைய பால் சொசைட்டி நண்பரைக் கூட்டி வந்தார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரை நண்பர் தொட்டியில் மிதக்கவிட்டார். கேனில் மிச்சமிருந்த கடல்நீரிலும் மிதக்கவிட்டார்.

"அக்கா, கேன்ல இருக்கறது தண்ணி கலந்த பாலுங்க. தொட்டியில இருக்கறது கெட்டி எருமைப் பாலுங்க. வெயில்ல தண்ணிதான் போவும், உப்பு எங்கீங்க போவும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு இது தெரியவில்லையே... அன்றிலிருந்து லாரி ஒர்க்‌ஷாப்பில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், தினம் ஒரு டம்ளர். அவசரப்பட்டால் மீன் தாங்காது என்று பொறுமையாக உப்பை இறக்கினேன். கொஞ்ச நாளில் சாமந்தி விரிந்தது. லாக்டோமீட்டர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஜெயித்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனால் டம்ளர் பிடிக்க ஆள் வேண்டும். உப்பு பார்க்க ஆள் வேண்டும். ஊருக்கு எப்படிப் போவது? "போயிட்டு வாயேன்" என்பார் அவர். "தொட்டி?" என்பேன். இப்படியே மூன்று வருஷம் ஓடிற்று. தொட்டிக் கடலைக் காப்பாற்றுவதற்காக நிஜக் கடலைப் பார்க்கப் போகாதவள் — இப்படியும் ஒரு பைத்தியக்காரி உண்டா?

கடைசியில் என்னைப் பெற்ற உம்மாவே பஸ் ஏறி வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. நீதான் வத்திப் போயிருக்கே, புள்ள."

மறுநாள் காலையே உம்மாவோடு கிளம்பிவிட்டேன். பதினைந்து நாள். டம்ளரைக் கணவர் கையில் கொடுத்தேன். வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கீழக்கரையில் முழங்கால் நனைய நின்றேன். மூன்று வருஷ ஏக்கமும் கண்ணில் வழிந்தது. உப்பு பார்க்க வேண்டாம், வற்றுகிறதா என்று அளக்க வேண்டாம்... இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள்? தபாலாபீஸுக்குப் போய், எங்கள் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கு டிரங்க் கால் புக் பண்ணினேன்.

"கரண்ட் போச்சாங்க? மீன் எப்படி இருக்கு?"

"மீன் ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்றார் கணவர். "எனக்குத்தான் வூட்ல இருக்க முடியல."

பதினைந்து நாளுக்கென்று போனவள் ஐந்தாம் நாளே பஸ் ஏறினேன். உம்மாவுக்குக் கோபம்தான். கடலுக்கும் இருந்திருக்கும்.