மதினியின் கணினியைப் பூட்டியவர்கள்

மதினி தன் கணினியில் தாள்களுக்குப் பெயர் வைக்கும் முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் ஆளின் பெயர், அடுத்து படகின் பெயர், கடைசியில் அது என்ன தாள் என்பது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் போல அத்தனை ஒழுங்கு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லாப் பெயர்களுக்குப் பின்னாலும் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எதத் தொட்டீய?" என்பதுதான். அந்தக் கேள்விக்காக இன்றும் எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

மதினி என் அண்ணனின் மனைவி. தருவைகுளத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் கப்பல் வேலையில் இருந்தபோது வாங்கிக்கொடுத்த கணினியை அவர் சினிமா பார்க்கவோ பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசவோ பெரிதாகப் பயன்படுத்தியதில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதற்குத்தான் அது. உடல் கிடைக்காத மனிதனைச் சட்டம் ஏழு ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கிறது. அதுவரை மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. ஏழாண்டு முடிந்து நீதிமன்றத்துக்குப் போனால், அவன் எந்தப் படகில் போனான், யார் கடைசியாகப் பார்த்தது என்று தாள் தாளாகக் கேட்பார்கள். மதினி பதினொரு குடும்பங்களின் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, மூலத்தை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு ஊரை வெள்ளம் சூழ்ந்த ஆண்டில் அந்த மூலங்களில் பாதி சேற்றோடு போயிற்று. அந்தப் பாதிக்கு மிஞ்சியது மதினியின் கணினியில் இருந்த நகல்கள் மட்டும்.

நான் துறைமுகத்தில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். குடும்பத்தில் கணினி தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர். போய்ப் பார்த்ததும் வலைத்தொடர்புக் கம்பியைப் பிடுங்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது; பணம் பறிக்கும் ஏதோ ஒரு கூட்டம் இணையம் வழியே எல்லாக் கோப்புகளையும் பூட்டியிருந்தது. பாதுகாப்புக்காக மதினி தனி ஹார்ட் டிஸ்க் வட்டு ஒன்றிலும் நகல் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அந்த வட்டு எப்போதும் கணினியிலேயே செருகிக் கிடந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு கடிதம் கிடந்தது. கவலைப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் அனைத்தையும் திரும்பப் பெறலாம் என்று தொடங்கியது. மூன்று நாளைக்குள் பணம் கட்டினால் பாதி விலையாம். நம்பிக்கைக்காக ஒரே ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். மிரட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கொதித்திருக்காது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி விளம்பரம் போலப் பணிவாக எழுதியிருந்தான். கடலில் காணாமல் போனவனின் ரேஷன் அட்டையையும் கல்யாணப் படத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு தள்ளுபடி பேசுகிறான். நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல, மதினி முழுவதையும் கேட்டார். தாள் எதுவும் அழியவில்லை, ஒவ்வொன்றையும் ஒரு சாவி போட்டுப் பூட்டியிருக்கிறான், சாவி அவனிடம் மட்டும் இருக்கிறது என்று விளக்கினேன்.

"அப்ப தாளு உள்ளதான் இருக்கு. நம்ம கண்ணுக்குக் காட்டமாட்டான். அப்படித்தான தம்பி?" என்றார்.

நகரத்தில் கணினி பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் அடிச்சு வின்டோஸ் போட்டிருவோம் அண்ணாச்சி. புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். உள்ளே என்ன இருந்தது என்று அவர் கேட்கவேயில்லை. மதினி கணினிப் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பூட்டிய வட்டைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டு வேறு வட்டு போடச் சொன்னேன். இப்படிப்பட்ட கூட்டம் எப்போதாவது பிடிபடும்போது, அவர்களிடம் இருந்த சாவிகளைப் போலீஸார் இலவசமாக வெளியிடுவது உண்டு. அதனால் பூட்டியதைத் தூக்கி எறியக் கூடாது. அந்தக் கடையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

இணையக் குற்றப் பிரிவில் ஓர் அதிகாரி புகாரை எழுதிக்கொண்டார். "கண்ட லிங்க்கயும் தொட்டா இப்படித்தாம்மா ஆவும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் புகுந்து திருடினால் கதவை ஏன் திறந்தாய் என்று இப்படியா கேட்பார்கள் என்று மனசுக்குள் பொருமினேன். அதே கேள்வியைக் காலையில் நானும் கேட்டவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சமீபத்தில் புதிதாக எதையாவது நிறுவினீர்களா என்று அவர் கேட்டதும் மதினி கைப்பையிலிருந்து டைரியை எடுத்தார். எந்த நாள் எந்தத் தாள் ஸ்கேன் ஆனது, கணினியில் என்ன ஏறியது, எல்லாம் அதில் இருக்கும். "ஞாயித்துக்கிழம, பி.டி.எஃப். தாள ஒண்ணா சேக்குத சாஃப்ட்வேர்" என்று வாசித்தார்.

"காசு குடுத்து வாங்குனதா?"

"இல்ல சார்."

"யாரு போட்டா?"

"நாந்தான் சார் போட்டேன்."

போட்டது நான். ஒரு நண்பரிடமிருந்து பென்டிரைவில் வாங்கி வந்த திருட்டுப் பிரதி. நிறுவும்போது பாதுகாப்பு மென்பொருள் சிவப்பு எழுத்தில் தடுத்தது. மதினி என்னவென்று கேட்டார். "அது சும்மா கத்தும் மதினி" என்று சொல்லி அதை அணைத்தவனும் நானே. அதிகாரியின் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே மதினி பதினொரு குடும்பத்தையும் வீட்டுக்கு வரவழைத்தார். நின்றுகொண்டே பேசினார். "ஒங்க தாளெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னேன். இப்ப இல்ல. எவனோ பூட்டிட்டான். என் வீட்ல வச்சு நடந்துருக்கு, அதனால நான் சொல்லணும்."

எல்லோரும் சேர்ந்து அவன் கேட்டதைக் கொடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மதினி மறுத்துத் தலையசைத்தார். "நம்ம ஆளுங்க தாள நம்மகிட்டயே விக்கான். வாங்கிட்டுத் தருவான்னு யாரு சொல்லுதா? நம்ம காசுல அடுத்த வீட்டப் பூட்டுவான்." மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கருவாட்டு வியாபாரம் செய்பவர், சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "ஆளையே கடலு தரமாட்டேங்கு. தாளுக்கு எதுக்கு டீச்சர் கண்ணு கலங்குதீய" என்றார். நான் கதவருகே நின்றேன்.

எல்லோரும் போன பிறகு, "நாந்தான் போட்டேன்னு ஏன் மதினி சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீயன்னு இருந்தேன்" என்றார். காபி போட உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு மூன்று மாதம் விடுமுறை நாட்களை எல்லாம் இதற்கே கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் யார் யாருக்கோ அனுப்பிய படங்கள், வக்கீலின் மின்னஞ்சலில் கிடந்த நகல்கள், வெள்ளத்துக்குத் தப்பிய மூலங்கள், மீன்வளத் துறை அலுவலகக் கட்டுகள் என்று தேடித் தேடிப் பத்துக் குடும்பத்தின் தாள்களைத் திரும்பச் சேர்த்தோம். மாப்பிள்ளையூரணிப் பெண்ணின் தாள் மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய கணவரோடு அதே படகில் போய், மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு தப்பித்த ஒருவர் தன் கையால் எழுதிய நான்கு பக்க வாக்குமூலம் அது. எழுதியவர் இறந்துவிட்டார். வீட்டிலிருந்த மூலத்தை வெள்ளம் கொண்டுபோனது. நகலை நான் கொண்டுவந்த பென்டிரைவ் கொண்டுபோனது.

மாப்பிள்ளையூரணிப் பெண்ணின் வழக்கு விசாரணைக்கு வந்தபோது மதினியோடு நானும் போனேன். தாள் இருந்திருந்தால் வக்கீல் நீட்டியிருப்பார், வாசித்திருப்பார்கள், முடிந்திருக்கும். தாள் இல்லாததால் அந்தப் பெண் கூண்டில் ஏறி, தப்பித்தவர் தன்னிடம் சொன்னதை எல்லாம் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கணவர் எவ்வளவு நேரம் பலகையைப் பிடித்திருந்தார், எப்போது கை விட்டது, என்ன சொல்லிக் கூப்பிட்டார். எதிர்த்தரப்பான அரசு வக்கீல் இடைமறித்து, நீ நேரில் பார்த்தாயா என்று கேட்டார். "இல்ல" என்றார் அந்தப் பெண். அடுத்த தவணை போட்டார்கள். எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து, கவலைப்பட வேண்டாம் என்று எழுதியவனுக்கு இந்தக் கூண்டு தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, அந்தக் கம்ப்யூட்டர் பூட்டுனதுக்கு நாந்தான் காரணம். டீச்சர் இல்ல. திருட்டு சாஃப்ட்வேர நாந்தான் போட்டேன்."

"தெரியும்" என்றார் அவர். "டீச்சர் சொல்லல. அன்னைக்கு எல்லாரும் பேசும்போது நீங்க மட்டும் தரையப் பாத்துக்கிட்டு நின்னீய."

"பெறகு ஏன் கேக்கல?"

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டா மன்னிச்சிருங்கன்னு சொல்லுவீய. நானும் சரின்னு சொல்லணும். எனக்கு அது வேண்டாம் தம்பி. எனக்கு அந்தத் தாளுதான் வேணும்."

மதினி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார். நான் அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நடந்தேன்.