சுண்ணாம்புத் தண்ணீரும் ஏழு நாள் கணக்கும்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டுக் குளியலறை வாசலில் மூன்று பேர் நின்று ஒரு கண்ணாடிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தோம். போத்தலில் பாதித் தண்ணீர், ஐந்து சொட்டுச் சவர்க்காரக் கரைசல். குலுக்கினால் நுரை நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. வெள்ளையாகத் திரிந்து ஏடு கட்டியது.

"சுண்ணாம்பு அப்படியேதான் இருக்கு ஐயா" என்றார் தேவா. ஈப்போவில் தண்ணீர்ப் பம்ப்பும் வடிகட்டியும் விற்கிற கடைக்காரர்.

"அதை எடுக்கத்தானே உன் மெஷினை வாங்கினேன்? மூணு மாசந்தான் ஆச்சு. ஏமாத்திட்டியே!"

கத்தியது நான்தான். மூன்றாமவர் என் மனைவி லூர்தம்மா; ஈரக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் எங்கள் வீடு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. அரசாங்கக் குழாய் இன்னும் எங்கள் சந்துக்கு வரவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான். தண்ணீர் காய்ச்சும் கேத்தலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது; சுரண்டிக்கொண்டு காலத்தை ஓட்டினோம். ஆனால் லூர்தம்மாவின் கைகளை என்ன செய்வது? விரல் இடுக்கெல்லாம் கரப்பான். வெடித்து ரத்தம் கசியும். சோறு பிசையும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஈப்போ டாக்டர் சொன்னார்: "மருந்து பாதி, தண்ணீர் பாதி. இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் கரையாமல் தோலில் ஒட்டிக்கொள்கிறது. கையை நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும்."

அதனால்தான் வாட்டர் சாஃப்ட்னர். கடையில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியதன் விலையைக் கேட்டதும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மணி மணியாக ஏதோ இருக்கிறது. அது சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இத்தனை வாளி ஆனதும் அது களைத்துப்போகும். கல் உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவிவிட்டால் மறுபடி வேலை செய்யும். சின்னது எழுபது வாளி தாங்கும்.

"வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை வாளின்னு அளந்துட்டு வாங்க ஐயா. அப்பறம் பேசலாம்" என்றார் தேவா.

அளப்பதா? என்னிடமா சொல்கிறார்? ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால் அளந்து கணக்கெழுதிய கிராணி நான். பாலில் தண்ணீர் கலந்து அளவைக் கூட்டிக் காட்டியவர்களை வாளியைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தவன்.

சமையலறைக் குழாயை விட்டுவிட்டேன். குடிக்கிற தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் குற்றமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். குளிக்க, துவைக்க மட்டும் கணக்கு. ஏழு நாள், குளியலறைக்கு எதிரே நாற்காலி போட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். நாளுக்கு ஒன்பது வாளி. எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று சேர்த்துப் பத்து. வாரம் ஒருமுறை உப்பு. சின்னதே போதும்!

வாங்கினேன். உப்புப் போட்ட நான்கு நாள் தண்ணீர் வழவழவென்று இருக்கும், கை ஆறும். ஐந்தாம் நாள் மறுபடி வெடிக்கும். ஆற, வெடிக்க... ஆற, வெடிக்க... மூன்று மாதம் இதே கதை.

இனி, குளியலறை வாசல்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாளி ஐயா?"

"பத்து. நானே அளந்தது."

தேவா கொடியைப் பார்த்தார். இரண்டு போர்வை, நான்கு துண்டு, என் சாரோங், சட்டைகள்.

"பத்து வாளில இத்தனை துணியா?"

லூர்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பதினேழு, பதினெட்டு ஆவும் தம்பி."

"அப்ப அந்த ஏழு நாள்?" என்றேன்.

"நீங்கதான் பென்சிலோட எதிர்ல உக்காந்திருந்தீங்களே, எப்படிங்க ஊத்துறது? போர்வையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டேன். எட்டாம் நாள் நீங்க பசாருக்குப் போனப்புறந்தான் தொவச்சேன்."

தேவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாம்மா, டாக்டர் நல்லா அலசச் சொன்னாராமே?"

"அலசுவேன் தம்பி. இவரு வீட்ல இருந்தா அரை வாளி, வெளிய போனா ஒரு வாளி. நாப்பது வருசமா அப்படித்தான்."

தேவா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நான் ஒரு நாளாவது "குறைத்து ஊற்று" என்று சொல்லியிருக்கிறேனா? இல்லை. எண்ணினேன், அவ்வளவுதான். எண்ணுகிறவன் முன்னால் வாழ்வது எப்படி என்று நான் யோசித்ததில்லை. தோட்டத்தில் எல்லோரும் என்னிடம் கூட்டிக் காட்டப் பார்த்தார்கள். குறைத்துக் காட்டுகிற ஒருத்தி என் வீட்டிலேயே இருப்பாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அந்த ஏழு நாளில்தான் அவள் கை மிக மோசமாக வெடித்திருந்தது. வாளியை எண்ணிக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

"பெரிய மெஷினாவே மாத்திடு" என்றேன்.

"வேணாம் ஐயா, காசைக் கரியாக்காதீங்க. நாலு நாளைக்கு ஒருக்கா உப்புப் போடுங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல." கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க ஐயா" என்று போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். சமையலறைக் குழாயை விட்டுவிடுங்கள். செலவாகும் வாளிகளை அவசியம் எண்ணுங்கள்... ஆனால் எண்ணுவது வீட்டில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.

நேற்றுக் காலை லூர்தம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் காதில் விழும்படி கதவைச் சாத்திவிட்டு, பசார் வரை நடந்து திரும்பினேன்.

பசாரில் எனக்கு வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை.