ஐஸ் தொட்டியில் உப்பு

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்து பென்ஷன் எடுத்த பிறகு, கல்பிட்டிப் பக்கத்துப் பெண்கள் கபடி அணி ஒன்றுக்கு உதவியாகப் போய்வருகிறேன். சம்பளம் இல்லை. கத்துவதற்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையில் நான் ஒரு சொட்டும் மிச்சம் வைப்பதில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வந்த பிசியோக்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், மெட்ச் முடிய ஐஸ் பாத் குடுக்கிறது நல்லமா?" ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. ஒரு சொல்லில் சொன்னால் எங்கே போய் முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மீன் தொட்டி

கபடி உடம்போடு உடம்பு மோதுகிற விளையாட்டு. ரெய்ட் போன ஒருத்தியை மூன்று பேர் அமுக்கி விழுத்தினால், அடுத்த நாள் தொடையைத் தூக்கிப் படி ஏற முடியாது. குளிர் தண்ணீரில் கொஞ்ச நேரம் இறங்கினால் அந்த நோவு பலருக்குக் குறைகிறது. தசை கிழிந்திருந்தால் அதை ஒட்டிவிடாது, மந்திரமும் இல்லை. தண்ணீர் பத்து, பதினைந்து டிகிரியில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விசயம்.

பெரிய அணிகளிடம் இதற்கென்றே செய்த தொட்டி இருக்கும். எங்களுக்குச் சூசை அண்ணனின் பைபர் தொட்டி. அவர் மூன்று போட் வைத்திருக்கிற சம்மாட்டி. எங்கள் கெப்டன் டிலானியின் தாய்மாமன். தன் மீனை ஐஸ் போட்டு வைக்கிற தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். ஐஸும் அவருடையதே. எவ்வளவு தேய்த்தும் அறக்குளா மீன் வாசம் போகவில்லை.

டிலானி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "மிஸ், எங்களையும் ஐஸ்ல போடப்போறீங்களா? நாங்க என்ன அறக்குளாவா?"

"அறக்குளா இவ்வளவு வாய் காட்டாது. இறங்கு."

2. அரையிறுதி அன்று

அரையிறுதியில் வென்றோம். அடுத்த நாள் காலையில் ஃபைனல். டிலானியின் இரண்டு தொடையும் கன்றிப்போயிருந்தன. கிணற்றுத் தண்ணீரில் நானே ஐஸ் போட்டு, தேர்மோமீட்டர் விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு டிகிரி. அவளை இடுப்பளவு தண்ணீரில் நிற்கவிட்டு, அவளுடைய அம்மா மேரியைப் பக்கத்தில் நிறுத்தினேன். "கதைச்சிட்டே இருங்க, பத்து நிமிசத்துல வெளிய எடுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பிள்ளையின் தோள்பட்டையைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மேரி துவாய் எடுக்கப் போயிருந்தார். டிலானி பேசாமல் நின்றாள். தூக்கத்திலும் வாய் மூடாத பிள்ளை!

"என்ன சத்தத்தைக் காணல்ல?"

"குளிர் பழகிட்டு மிஸ். முதல்ல கால் கடிச்சது. இப்ப ஒண்டும் தெரியல்ல."

தண்ணீருக்குள் கையை விட்டேன், தேள் கொட்டியதுபோல் இழுத்துக்கொண்டேன். விரலில் மணல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நக்கிப் பார்த்தேன். உப்பு.

நிமிர்ந்தால், காலியான உப்புப் பையோடு சூசை அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணன், என்னத்தப் போட்டீங்க?"

"உப்புத்தான் மிஸ். ஐஸ் கரைஞ்சு போகுது. உப்புப் போட்டா நல்லா குளிர் பிடிக்கும். நாளைக்கு ஃபைனல் தானே, புள்ளைக்கு நல்லா இரிக்கட்டும் எண்டு அள்ளிப் போட்டன்."

உப்புக்கா பஞ்சம் நமது ஊரில்! ஐஸில் உப்புச் சேர்ந்தால் குளிர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும், ஆனால் தண்ணீர் உறையாது. உப்புத் தண்ணீர் பாரம், அடியில் போய்த் தங்கும். அடியில்தான் டிலானியின் பாதங்கள்.

தூக்கி வெளியே இருத்தினோம். கால்விரல்கள் மெழுகுதிரி போல் வெளுத்திருந்தன. பெருவிரலை நகத்தால் அழுத்தினேன். அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, என்ட புள்ளட கால என்ன செஞ்ச?" என்று துவாயோடு ஓடிவந்த மேரி அலறினார்.

சூசை அண்ணன் குந்தியிருந்து அந்தப் பாதங்களைத் தேய்க்கத் தொடங்கினார். "தேய்க்காதீங்க! தோல் பிய்ஞ்சிரும்!" என்றேன். எழும்பி ஓடினார். "அப்ப கொதிதண்ணி கொண்டாறன்!"

"கொதிதண்ணியும் வாணாம்! பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுற சூடு. அதுக்கு மேல வாணாம்!"

உணர்வு செத்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது. தேத்தண்ணிக் கடையில் வாங்கிய சுடுதண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலந்து, என் முழங்கையை விட்டுப் பார்த்து, பேசினில் அவள் பாதங்களை வைத்தேன்.

டிலானி பகிடி விடப் பார்த்தாள். "மிஸ், என்ட கால் இரிக்கா?" சொல்லும்போதே உதடு நடுங்கியது.

நான் பயந்துபோனேன். கால்விரலை வெட்டி எடுத்த நோயாளிகளுக்கு நடை பழக்கியவள் நான். இந்த வயதுப் பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது, யா அல்லாஹ், என்று மனதுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

3. எரிச்சல்

தண்ணீர் ஆற ஆற மாற்றினோம். அழுத்திப் பார்ப்பேன், "தெரியுதா?" என்பேன், தலையாட்டி இல்லை என்பாள். சூசை அண்ணன் தலையில் கைவைத்து மணலில் இருந்துவிட்டார்.

திடீரென்று ஒரு கத்தல்.

"ஆ! எரியுது! அம்மா, எரியுது! மாமா, உங்களக் கொன்னுபோட்டிருவன்!"

அல்ஹம்துலில்லாஹ்! என் சேவைக்காலத்தில் நோயாளி கத்தி நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. வெள்ளை விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மேரி சிலுவை போட்டுக்கொண்டார். போட்ட கையோடு துவாயை எடுத்து அண்ணனின் முதுகில் நாலு போடு போட்டார். அவர் அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் பார்த்துவிட்டு, கொப்புளம் போடவில்லை, தப்பிவிட்டது, சில நாள் விளையாட வேண்டாம் என்றார். ஃபைனலுக்கு டிலானி கம்பளிக் காலுறை போட்டு, கதிரையில் இருந்து கத்தினாள். தோற்றோம். எனக்குக் கவலையே வரவில்லை, அவளுக்குப் பத்து விரலும் இருந்தன.

மெட்ச் முடிந்து சூசை அண்ணன் வந்தார். "மிஸ், மீனுக்குச் செய்றதத்தானே செஞ்சன். எங்க பிழைச்சது?"

"மீன் திரும்பச் சூடாகத் தேவையில்ல அண்ணன். புள்ள சூடாகணும்."

பிசியோத் தம்பி தங்கைகளே, ஐஸ் பாத் நல்லதா என்று உங்களிடம் கேட்பவர்களுக்கு டிகிரியையும் நிமிடத்தையும் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எதற்காகச் செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாத அன்பு எதையாவது அள்ளிப் போட்டுவிடும்.

இப்போதும் அதே தொட்டிதான். தேர்மோமீட்டர் விட்டு நான் பார்த்த பிறகும் டிலானி நம்புவதில்லை. சூசை அண்ணன் சொல்வார்: "இறங்கு மகள், உப்பில்ல."

டிலானி கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "நீங்க முதல்ல இறங்குங்க மாமா."

அவரும் சாரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்.